வலது பக்க மட்கார்டு

கோவென்ட்ரியில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் பட்டறை. பழைய கார்களைப் புதுப்பித்துத் தருகிறோம். எஞ்சின் என் பொறுப்பு. டிங்கரிங் முழுக்க கிளெனிஸ் டிரான்டரின் பொறுப்பு. பதினாலு வருஷக் கூட்டுத் தொழில். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. கேலி மட்டும் உண்டு.

ஓர் அக்டோபரில் ஸ்பென்ஸ்லி என்ற ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் 1936ஆம் வருஷத்துக் கார் ஒன்றை டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார். இதே ஊரில் செய்த வண்டி. செய்த கம்பெனி மூடி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தானியக் கொட்டகையில் நெடுங்காலம் கிடந்ததில் கோழிகள் அதற்குள் குடும்பமே நடத்தியிருந்தன. முன்னால் இடது மட்கார்டு, யாரோ எப்போதோ பள்ளங்களை மறைக்கப் பட்டி அப்பியிருந்தாலும், தேறும்போல இருந்தது. வலதை விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

“வேற வண்டியிலேர்ந்து ஒண்ணு கழட்டி மாட்ட முடியாதா?” என்று கேட்டார் ஸ்பென்ஸ்லி.

“வேற வண்டி இருந்தாத்தானே கழட்டுறதுக்கு? நானே செஞ்சு தரேன்,” என்றாள் கிளெனிஸ்.

“அச்சு அசலா வருமா?”

“வந்தாத்தான் உங்க வண்டியில ஏத்துவேன்.”

இடது மட்கார்டின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, அளவெடுத்து வெட்டி, அதையே திருப்பிப் போட்டு வலது பக்கத்துக்கு மாதிரி எடுத்தாள். தகட்டை மணல் மூட்டையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டிக் குழித்தாள். பிறகு இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது நாள். இருபதாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் உள்ளங்கையை ஓடவிட்டாள். அப்புறம் கட்டரை எடுத்து அதைச் சரிபாதியாக அறுத்துப் போட்டாள்.

நான் பதறிப்போய் ஓடினேன். “பைத்தியமா உனக்கு? எதுக்கு அறுத்தே?”

“விளக்கு உக்கார்ற இடத்துல வளைவு தொய்ஞ்சு தூங்குது.”

“என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே.”

“அதனாலதான் டெரிக், உன்னை எஞ்சின் பக்கம் வெச்சிருக்கோம்.”

இரண்டாவது மட்கார்டுக்கு ஒரு மாதம் பிடித்தது. இடதில் இருந்த பழைய பட்டியை அப்படியே விட்டோம்; இதில் துளி பட்டி பூசவில்லை. வெறும் தகட்டின் மேலேயே பச்சை பெயிண்ட் அடித்தோம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த ஸ்பென்ஸ்லி கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் பக்கத்துக் கிராமத்து மாளிகைப் புல்வெளியில் பழைய கார்களுக்குப் போட்டி நடந்தது. ஸ்பென்ஸ்லி எங்களையும் அழைத்துப் போனார். கிளெனிஸ் அபூர்வமாக கவுன் போட்டிருந்தாள். நடுவர் பெயர் டாகெட். வெள்ளைக் கால்சட்டை, கையில் அட்டை. அசல் தகட்டுக்கு மதிப்பெண் கூடுதல். அவர் இரண்டு மட்கார்டையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“இடது பக்கம் கை வெச்சிருக்காங்க, பட்டி நிறைய,” என்றார். “ஆனா வலது பக்கம் பாருங்க, பிரமாதம். தொழிற்சாலையிலேர்ந்து வந்த அதே தகடு. எப்படித்தான் இத்தனை வருஷம் தப்பிச்சுதோ.”

ஸ்பென்ஸ்லி கிளெனிஸின் முழங்கையை மெல்ல அழுத்தினார். அவர் முகத்தில் அப்போதே கோப்பை மின்னியது. கிளெனிஸ் முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

“அது அசல் இல்லீங்க. நான் செஞ்சது,” என்றாள்.

டாகெட் சிரித்தார். “அம்மணி, நான் முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன்.”

“நான் முப்பத்தொண்ணு. படுங்க, காட்டுறேன்.”

கவுனோடு புல்லில் மல்லாந்து படுத்து, என் கைவிளக்கை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். டாகெட் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அவரும் படுத்தார். நாலு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கூட்டம் கூடிவிட்டது.

“வெளிப்பக்கம் மட்டும்தான் தேய்ச்சேன்,” என்று கிளெனிஸின் குரல் கேட்டது. “உள்ளே உருளை ஓடுன கோடு தெரியுதா? பக்கம் பக்கமா, கலப்பை ஓட்டுன மாதிரி. தொழிற்சாலை அச்சுல அழுத்தினா இப்படிக் கோடு விழாது.”

வெளியே வந்தபோது டாகெட்டின் வெள்ளைக் கால்சட்டை பச்சையாகியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் மற்ற நடுவர்களைக் கூப்பிட்டு வந்து ஒவ்வொருவரையும் படுக்க வைத்தார். பிறகு, போட்டி விதிப்படி மதிப்பெண்ணைக் குறைத்தார். ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தில் எங்களுக்கு இரண்டாவது இடம்.

திரும்பி வரும்போது ஸ்பென்ஸ்லிதான் வண்டியை ஓட்டினார். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீங்க சும்மா இருந்திருக்கலாமே, மிஸஸ் டிரான்டர்?”

“இருந்திருக்கலாம்தான். ஆனா ரெண்டு மாசம் நான் பட்ட பாட்டை, எப்பவோ செத்துப்போன எவனோ ஒருத்தன் பேர்ல எழுதிவைக்க மனசு வரலீங்க.”



வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நாயோடு வந்த ஒருவர் வண்டியை ரசித்துவிட்டு, “எல்லாம் பழைய தகடுதானா?” என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஸ்பென்ஸ்லி கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

“இந்தப் பக்கம் வாங்க. இதைப் பாருங்க. நடுவரே அசல்னு ஏமாந்துட்டாரு. கையால செஞ்சது. செஞ்சவங்க இதோ பின்னாடி உக்காந்திருக்காங்க. குனிஞ்சு பாருங்க, உள்ளே கோடு தெரியும். நாயை நான் புடிச்சுக்கறேன்.”

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். நாயும் பார்த்தது. கிளெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது நுனி வரைக்கும் சிவந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஸ்பென்ஸ்லி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். “அந்த இடது மட்கார்டு இருக்கே, அதையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா செஞ்சுடுங்களேன்.”

“மாட்டேன்,” என்றாள் கிளெனிஸ். “அது நல்ல தகடு. திங்கக்கிழமை கொண்டாங்க. பட்டியைச் சுரண்டிட்டுத் தட்டி நிமுத்தித் தரேன்.”