வட்டத்துக்குள் பிழைத்தவை

சாக வேண்டியவை சாகவில்லை.

கிருமி வளர்க்கும் சூடுபெட்டியிலிருந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் சிட்சல். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நஞ்சை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக்கிவிடும் நொதி ஒன்று அவளுடைய பாக்டீரியாக்களிடம் உண்டு. அந்த நொதியைப் பிடுங்கிவிட்ட கூட்டத்தைத்தான் நஞ்சு கலந்த தட்டில் பரப்பியிருந்தாள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால், உயிர்க்காவல் அந்த நொதிதான் என்ற அவள் வாதம் கவிழ்ந்தது. இந்த முறையும் கவிழ்ந்தால் ஆய்வை மூடிவிடலாம் என்று பேராசிரியை போடில் சொல்லியிருந்தார்.

பக்கத்து மேஜை யெப்பெ எட்டிப் பார்த்தான். தட்டில் கிருமிகள் பெருகித் திரண்ட கொழுத்த புள்ளி ஒன்று. அதைச் சுற்றிப் பொடிப் புள்ளிகள்.

"விருந்தாளி வந்திருக்கு போல. எனக்கு ஆப்பிள் கேக் போதும், சிட்சல்."

தட்டில் அந்நியக் கிருமி புகவிட்டவர் வெள்ளிக்கிழமை கேக் செய்து வரவேண்டும் என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் சட்டம்.

"போன தடவை உன் கேக்கைக் கடிச்ச பல்லே இன்னும் ஆடுதுடா," என்றாள். குப்பைத்தொட்டியின் மிதியை அழுத்தினாள். மூடி திறந்தது. கை அப்படியே நின்றது.

பொடிப் புள்ளிகள் கொழுத்ததைச் சுற்றி மட்டுமே இருந்தன. அதைத் தாண்டினால் வெறும் பாலைவனம். ஒருவேளை கொழுத்ததன் பிள்ளைகளோ? பொடி ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் தடவி நஞ்சைச் சொட்டினாள். ஒரு குமிழிகூட எழவில்லை. கொழுத்ததன் மேல் சொட்டினாள். ஆக்சிஜன் பொங்கி நுரைத்தது.

ஆக, பொடிகளிடம் நொதி இல்லை. கொழுத்த பக்கத்து வீட்டுக்காரன் தனக்காக நஞ்சை உடைக்கப் போய், தெருவையே சுத்தமாக்கியிருக்கிறான்!

அந்தத் தாழ்வாரத்தில் ஓடக் கூடாது. ஓடினாள்.

சிட்சல் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை போடில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி ஆறியது.

"இதைக் குப்பையில போட இருந்தியா?"

"மிதியில கால் வெச்சாச்சு, போடில்."

போடில் சிரித்துவிட்டார். "ஒரு தட்டுன்னா அது தற்செயல். வேணும்னே செஞ்சு காட்டு. மூடுறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அன்றே நஞ்சு கலந்த புதுத் தட்டில் நொதி அற்றவற்றைப் பரப்பி, அங்கங்கே கொழுத்ததைத் தொட்டு வைத்தாள்.

புதன்கிழமை ஒரே தட்டின் மேல் சிட்சல், யெப்பெ, போடில் என மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. மூச்சுப் பட்டு மூடி பனித்தது. சிட்சல் சட்டைக் கையால் துடைத்தாள். அடியில், அசையாத துறைமுகத் தண்ணீரில் மழையின் முதல் துளிகள் விழுந்ததுபோல் வட்டம் வட்டமாக உயிர். இரண்டு வட்டங்கள் தொட்டுக்கொண்ட இடத்தில், நெருக்கியடித்துக்கொண்டு.