இடிக்க அனுமதி உண்டு

வாரநாட்களில் ரதிதேவி லின்ஃபீல்டிலிருந்து நகரத்துக்குப் பஸ் ஓட்டினாள். கோடைகாலச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வைகராக்கா பார்க் என்ற பந்தயத் திடலில் ஸ்டாக் கார் ஓட்டினாள். முட்டை வடிவத்தில் சின்னத் தடம், சுற்றிவரக் கொங்கிரீட் சுவர், ஒரே நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள். முன்னால் போகிறவரை இடித்துத் தள்ளுவது இந்தப் பந்தயத்தில் குற்றமில்லை. சனம் வருவதே அதைப் பார்க்கத்தான். கூட வேலை செய்யும் ஒருத்தி முதன்முதலாக அங்கே கூட்டிப் போன அன்றே, தானும் ஓட்டுவதென்று ரதிதேவி முடிவெடுத்துவிட்டாள்.

"பஸ்ஸில ஆரையும் முட்டாமல் ஓடுறதுதான் என்ர வேலை. அங்க முட்டினால் கை தட்டுறாங்கள்," என்று கணவர் இராசரத்தினத்திடம் சொன்னாள்.

அவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், கணக்காளரான அந்த மனிதர் மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் படித்தார். கார் புரண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக்கூட்டைத் தானே ஒட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கையில் சின்னச் சின்னச் சூட்டுக்காயங்களோடு அலுவலகம் போய் வந்தார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில், அந்தத் தென்கோளத்து நாட்டின் கோடையில், ஒரு சனிக்கிழமை அந்தக் கூடு சோதனைக்கு உள்ளானது. அன்றைய இரண்டாவது ஓட்டத்தில், கூரை வேலை செய்யும் டெரி என்பவன் வளைவில் தன் காரால் அவளுடைய காரைப் பின்னாலிருந்து இடித்துத் தூக்கி எறிந்தான். கார் சுவரில் ஏறி, இரண்டு தரம் உருண்டு, தலைகீழாக விழுந்தது. ஓட்டத்தை நிறுத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற இராசரத்தினம் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு யன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

காரை இழுத்துவந்து, கார்களைத் திருத்தும் இடமான பிட்டில் விட்டபோது ஸ்டீரிங் கம்பி வில்லாக வளைந்திருந்தது.

"காணும் ரதி. வீட்டை போவம்," என்றார் இராசரத்தினம்.

"கூடு எங்கயாவது விட்டிட்டுதோ, பாருங்கோ."

அவர் குனிந்து ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"இல்லை," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதே அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"பிறகென்ன?"

அப்போது டெரி தன் வான் வண்டியிலிருந்து ஒரு ஸ்டீரிங் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது உன் காருக்குப் பொருந்தும். நீ இல்லாமல் கடைசி ஓட்டம் சப்பென்று இருக்கும்," என்றான். இராசரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ. அவன் பிழை ஒண்டும் விடேல்லை. நல்ல இடி," என்றாள் ரதிதேவி.

மூவருமாகச் சேர்ந்துதான் கம்பியை மாற்றினார்கள். பரிசோதகர் வந்து காரை உலுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கடைசி ஓட்டம் தொடங்கியதுமே முதல் வளைவில் நான்கைந்து கார்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஒன்றின் சக்கரம் கழன்று புல்வெளிக்குள் ஓடியது. இன்னொன்று புகைந்தபடி சுவரோரம் நின்றுவிட்டது. ரதிதேவியின் முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கித் தரையில் தீப்பொறி கிளப்பியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஓட்டம் முடியும் தறுவாயில் விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே மிச்சம். முன்னால் டெரி, அவனுக்குப் பின்னால் அவள்.

கடைசிச் சுற்றில், வளைவுக்குள் நுழையும்போது, அவள் பிரேக்கைத் தொடவேயில்லை. தொங்கிய பம்பரோடு டெரியின் காரின் பின்பக்கத்தில் போய் மோதி, அப்படியே சுவர்வரை தள்ளிக்கொண்டு போனாள். சனம் எழுந்து நின்று கத்தியது. அந்த இடைவெளியில் மூன்றாவதாக வந்தவன் உட்பக்கத்தால் நழுவி முந்திவிட்டான். ரதிதேவி காரைத் திருப்பி, இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தாள். வென்றவனை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. டெரி நசுங்கிய காரிலிருந்து வெளியே வந்து, அதன் பொனட்டில் நின்று, தலைக்கு மேலே கைகளைத் தூக்கி அவளுக்காகத் தட்டினான்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம். முகம் முழுக்கச் சிரிப்பு. மைக்கோடு ஓடிவந்த அறிவிப்பாளர், இவ்வளவு அடிக்குப் பிறகும் எப்படித் தாங்கினாய் என்று கேட்டார். அவள் கணவரின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவரைக் கேளுங்கள். கூட்டை ஒட்டியது இவர்தான்," என்றாள் ஆங்கிலத்தில்.

நாலு பேர் முன்னால் பேசியே பழகாத இராசரத்தினத்தின் வாயருகே மைக் வந்தது. வாயில் ஆங்கிலம் வரவில்லை.

"ஒட்டினது நான். ஓட்டினது என்ர மனுசி!" என்று மைதானம் முழுக்கக் கேட்கத் தமிழிலேயே கத்தினார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் சனம் இன்னொரு முறை எழுந்து நின்று கை தட்டியது.