மேடைக்கு வந்த புள்ளிகள்

எழுத்தறிவே விடுதலை, விரல்நுனியில் விடிகிறது ஒரு யுகம்... என்று ஆரம்பிக்கிறது இன்னும் ஐந்து நிமிடத்தில் நான் பிரெய்ல் படிப்பைப் பற்றிப் பேசவேண்டிய பேச்சு, ஆனால் நான் பிரெய்லைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது, எல்லாவற்றையும் கைபேசிதான் வாசித்துக் காட்டுகிறது, இந்தப் பேச்சையும் காதில் கேட்டுத்தான் நெட்டுருப் போட்டேன், மடியில் இருக்கும் புள்ளித் தாள்கள் சும்மா தடவிக் காட்டுவதற்கு. மேடையில் விழாத் தலைவர் இன்னும் முடித்தபாடில்லை, 'இருளில் வாழும் இந்தச் செல்வங்கள்' என்கிறார், எனக்கு ஐம்பத்தாறு வயது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், எதற்கு, தலைவர் பேச்சில் சிரிக்க ஒன்றுமில்லையே... அப்போதுதான் ஒரு பெண் வந்து என் கையில் அட்டையைத் திணித்தாள். "சார், உங்க வீட்டம்மா குடுக்கச் சொன்னாங்க, படிச்சுக் காட்டவா? அட, இதுல எழுத்தே இல்லையே சார், வெறும் புள்ளியா குத்தி வெச்சிருக்காங்க." பிரெய்ல் விழாவின் தொண்டர் அவள்.

தடவினேன். ஒன்றும் புரியவில்லை. மறுபடி தடவினேன், எழுத்து மாதிரி இருக்கிறது, எழுத்தாக இல்லை, போச்சு, மறந்தே போச்சா, நாலாம் வகுப்பில் போர்வைக்குள் கதைப் புத்தகம் படித்த விரலா இது... அப்படி என்னதான் எழுதியிருப்பாள் என் மனைவி, கீழே இருந்து சொல்ல முடியாத சேதி? மூன்று மாதமாகக் கைப்பையில் புள்ளி குத்தும் சட்டகமும் ஊசியுமாக அலைகிறாள், ஒருநாள் கேட்டாள், "எந்தப் பக்கத்துலேர்ந்து குத்தணும்னு மட்டும் சொல்லுங்களேன்." அதற்கெல்லாம் பொறுமை வேண்டும் என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவைத்தேன், எனக்கே சட்டென்று நினைவு வரவில்லை என்பதுதான் விஷயம். எந்தப் பக்கத்திலிருந்து... இரு, இரு. தாளின் பின்பக்கமிருந்து அல்லவா குத்துகிறோம், திருப்பித்தானே படிக்கிறோம், அதனால் வலது ஓரத்தில் தொடங்கவேண்டும், இவள் நோட்டில் எழுதுவதுபோல் இடது ஓரத்தில் தொடங்கிவிட்டாள், அதுதான் ஒவ்வொரு எழுத்தும் இடம்வலம் மாறிக் கிடக்கிறது, கண்ணாடியில் இப்படித்தான் தெரியுமாம்.

வலது ஓரத்திலிருந்து போனேன், ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருப்பித் திருப்பி... ச, ட், டை... வருகிறது, விரலுக்கு வருகிறது, யாரிடம் சொல்வேன் இதை, சட்டையில்... சட்டைக்கு என்ன? காலையில் புதுச் சட்டையைப் போட்டதும் அவள், "நான் ஒரு தடவ பாத்துடறேங்க" என்றாள், இன்றைக்காவது உன் கண்ணுக்கு லீவு கொடு, எனக்கு உடுத்தத் தெரியும் என்றேன். தலைவர் என் பெயருக்கு முன்னால் அடைமொழிகளை அடுக்குகிறார், யார் கண்ணையும் நம்பாதவர் என்கிறார், கைதட்டுகிறார்கள், எழுந்து நின்றேன், மைக் வந்துவிட்டது, விரல் கடைசிச் சொல்லில் இருந்தது. ஸ்டிக்கர். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், சட்டைப் பையிலிருந்து வயிறு வரைக்கும் வழவழவென்று ஒரு பட்டை.

"என் சட்டை அளவு நாற்பத்திரண்டு" என்று பேச்சை ஆரம்பித்தேன்.