வெள்ளைத்தாயின் பூக்கணக்கு

பயிற்சி வகுப்பு சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இரண்டாயிரத்து நான்காம் வருடம், தை மாதம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மகளிர் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் மத்தியானச் சாப்பாடும், ஆளுக்கு ஒரு தேனீப் பெட்டியும் உண்டு என்று சொன்னதால் வந்தவர்கள்.

வெள்ளைத்தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடம் வெடிமருந்து அடைத்து விரல் நுனியெல்லாம் வெள்ளி நிறம் ஏறிப்போனவள். யாரையும் எடுத்த எடுப்பில் மதித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கம்பெனி வண்டியில் அவள் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

வகுப்பு எடுத்தவன் பிரபாகரன். தொண்டு நிறுவனத்து ஆள். தோளில் பை, பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மூன்று பேனா. அன்று அதில் ஒன்றை எடுத்து அவன் எழுதி ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு அச்சடித்த தாளை எல்லோருக்கும் கொடுத்தான். மேலே கொட்டை எழுத்தில் ‘தேனீக்களுக்கான பூக்காலம்’ என்று போட்டிருந்தது. எட்டாவது வரை படித்த வெள்ளைத்தாய் அதை மேலிருந்து கீழே வாசித்தாள். மாசி, பங்குனி: ரப்பர். சித்திரை: காப்பி. வைகாசி: ஏலம்.

அவள் எழுந்தாள்.

“சார், ரப்பர்னா எது? பள்ளிக்கொடத்துப் பிள்ளைக பென்சில் தலையில ஒட்டியிருக்குமே, அதுவா?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிரபாகரன் முகம் சுருங்கியது.

“அது மரம்மா. தோட்டத்துல இருக்கும்.”

“எங்கன சார்? சாத்தூர்லயா, திருத்தங்கல்லயா?”

“இதெல்லாம் தொழில்நுட்பக் குறிப்பு. உங்களுக்குப் புரியாது. உக்காருங்க.”

வெள்ளைத்தாய் உட்கார்ந்தாள். மலையில் மழை பெய்கிற ஊருக்கு எவனோ போட்ட தாளை, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு அது தெரியவில்லை என்பதும் விளங்கியது. மத்தியானம் அந்தத் தாளில்தான் தயிர்சாதத்தை வைத்துச் சாப்பிட்டாள்.

பெட்டி வந்தபோது கொத்தமல்லிச்செடி பூத்திருந்தது. கரிசலெல்லாம் வெள்ளையாகக் கிடந்த நேரம். ஈக்களுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் பெட்டி நிறைந்தது. பங்குனியில் வேம்பு பூத்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் ஷெட்டுக்கு ஷெட்டு வேப்பமரம் நிற்கும். வெள்ளைத்தாயின் ஈக்கள் அவளுக்கு முன்னாலேயே கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டன. வைகாசியில் கண்மாய்க்கரைப் புளி. ஆனி முடிய அதுவும் உதிர்ந்தது. பிறகு ஆடிக் காற்று எடுத்தது. வேலிக்கருவையில்கூட பூ நிற்கவில்லை.

ஆடி மாதத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தாளில் இல்லை. தோட்டத்து ஊரில் ஆடியில் மழை பெய்யும். இங்கே புழுதி பறந்தது. பட்டினி கிடக்கிற ஈ கூட்டைவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும். பதினைந்து நாளில் பதினொரு பெட்டி காலி. அந்தப் பெட்டிகளில் ஒருத்தி வெங்காயம் போட்டு வைத்தாள். ஒருத்தியின் கோழி அதில் அடைகாத்தது.

வெள்ளைத்தாய் மட்டும் வேறொன்று செய்தாள். தினமும் காலையில் கம்பெனி வண்டி வரும்வரை பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, திரும்பி வருகிற ஈக்களின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலில் பூந்தூள் உருண்டை இருந்தால் அது என்ன நிறம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் திசையில் நடந்துபோய் எது பூத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் மாதத்தையும் பூவையும் எழுதுவாள். ஆடிக்கு நேராக ‘ஒண்ணும் இல்லை’ என்று எழுதினாள். ஒன்றும் இல்லை என்றால் நாம்தான் கொடுக்க வேண்டும். ரேஷன் சீனியைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவள் புருசன் சங்கிலிமுத்து லாரியில் லோடு ஏற்றுகிறவன். அடுப்படியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஈக்குச் சீனி, எனக்குக் கருப்பட்டியா?”

“அது ஒருநாளும் குடிச்சிட்டு வந்து வாசல்ல விளல,” என்றாள்.

ஆவணியில் பிரபாகரன் வந்தான். காலிப் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டான். கோழி அடைகாத்த பெட்டியைப் போட்டோ எடுத்தான். ‘பயனாளிகளின் அக்கறையின்மை’ என்று அவன் எழுதுவதை வெள்ளைத்தாய் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தாள். “எளுத்து நல்லா இருக்கு சார்,” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் ஒரு பெட்டி ஐந்தானது. கூட்டம் பெருத்த நேரம் பார்த்து அவளே பிரித்து வைத்தாள். மாதத்துக்கு மாதம் பூக்கிற இடமாகப் பார்த்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவாள். ஊரில் அவளுக்கு ‘ஈக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் தனுஷ்கோடி.

தனுஷ்கோடிக்குக் கண்மாய்க்குக் கிழக்கே மூன்று ஏக்கர் கரிசல். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் நிலம் இல்லாமல் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்பதால், மூன்று ஏக்கரை முப்பது ஏக்கர் போலத் தூக்கிக்கொண்டு நடப்பார். வெள்ளை வேட்டியில் மண் படாமல் விவசாயம் செய்கிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. வயலுக்கு என்ன போடுவது, எப்போது அடிப்பது என்று உரக்கடைக்காரன் சொல்வான். அதைச் செய்துவிட்டு டீக்கடையில் வந்து தன் யோசனையாகச் சொல்வார்.

இரண்டாயிரத்து ஆறில் அவர் மூன்று ஏக்கரிலும் சூரியகாந்தி போட்டார். மார்கழி பிறந்ததும் வயல் முழுக்கப் பூ. வெள்ளைத்தாய் தன் ஐந்து பெட்டிகளையும் கண்மாய்க்கரை கருவை நிழலில் கொண்டுபோய் வைத்தாள். அது புறம்போக்கு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாலாம் நாள் தனுஷ்கோடி டீக்கடை முன்னால் அவளை நிறுத்தினார்.

“ஏத்தா ஈக்காரி, யாரக் கேட்டுப் பெட்டிய வச்ச?”

“கம்மாக்கரைதான அண்ணாச்சி. உங்க வயக்காட்டுப் பொளியில வைக்கலயே.”

“ஒன் ஈ பூராவும் எம் பூவுலதான் கெடக்கு. பூவுல இருக்க பால அம்புட்டையும் உறிஞ்சிப்புடுது. கதிரு பொட்டாப் போனா நீயா குடுப்ப?”

“ஈ பாலக் குடிக்காது அண்ணாச்சி. இந்தப் பூவுத் தூள அந்தப் பூவுக்குக் கொண்டு போகுது. அப்பத்தான் மணி பிடிக்கும். ஈ இல்லைன்னாதான் பொட்டு.”

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தனுஷ்கோடி அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“வெடிமருந்து அடைச்ச கையி எனக்கு வெவசாயம் சொல்லித் தருது. கேட்டுக்கோங்கப்பா. உரக்கடையில கேட்டுட்டேன். பூச்சின்னா எல்லாம் பூச்சிதான்னுட்டான். வெள்ளிக்கெளம மருந்து அடிக்கப் போறேன். அதுக்குள்ள பெட்டிய எடுத்துரு.”

ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அதில் ஐந்து பேர் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற தங்கள் வீட்டுப் பெண்களின் சம்பளத்தில் டீ குடிப்பவர்கள். வெள்ளைத்தாய் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பெட்டியை நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. கிட்டத்தில் வைத்தால் ஈ பழைய இடத்தையே தேடிப் போகும். நாலைந்து கிலோமீட்டராவது தள்ளிப் போக வேண்டும். அச்சங்குளம் ரோட்டில் ஊர்க்காவலன் என்பவனின் சூரியகாந்தி அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தது. அவனிடம் கேட்டாள். கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. “வைக்கணும்னா வையி. ஈ என்ன சோறா கேக்கப் போகுது,” என்றான். அவன் மறுக்காததற்குக் காரணம், மறுக்க இன்னும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் ஈக்கள் அடைந்ததும் பெட்டி வாசலைத் துணியால் அடைத்து ஏற்றுவதற்கு ஒரு ஆட்டோவும் பேசி வைத்தாள்.

தனுஷ்கோடி வெள்ளிவரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஈக்கள் பூவில் மொய்க்கிற நேரமாகப் பார்த்து, ஆள்விட்டு மருந்து அடித்தார்.

வெள்ளைத்தாய் ஐந்தரை மணிக்குக் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி நேரே கண்மாய்க்கரைக்குப் போனாள். பெட்டிகளுக்கு முன்னால் தரை தெரியவில்லை. செத்த ஈக்கள் கிடந்தன. சாகாதவை இறக்கை ஒட்டிப்போய் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. பல ஈக்களின் காலில் மஞ்சள் உருண்டை அப்படியே இருந்தது. கடைசி இரண்டு பெட்டிகளில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை.

சிறிது நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள். எழுந்து வீட்டுக்குப் போய் அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்தாள். செத்த ஈக்களைக் கையாலேயே அள்ளிச் சுளகை நிரப்பிக்கொண்டு தனுஷ்கோடி வீட்டுக்கு நடந்தாள்.

அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பத்திரகாளி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தாய் சுளகோடு உள்ளே போய் அவர் காலடியில் கவிழ்த்தாள்.

“வெள்ளின்னு சொல்லிட்டு புதன்ல அடிச்சிருக்கீக. ஒரு ஈக்குப் பயந்து பொய் சொன்ன ஆம்பளய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“ஏளா, வீடேறி வந்து பேசுத?”

“நாலஞ்சு நாள்ல உங்க வயலுக்கு இதுக செஞ்ச வேலைய நீங்க நாப்பது வருசத்துல செய்யல. தை கடைசியில கதிர ஒடிச்சுப் பாருங்க. நடுவுல விரல விட்டுப் பாருங்க.”

தனுஷ்கோடி சிரிக்க முயன்றார். பிறகு மனைவியைப் பார்த்து, “இதக் கூட்டித் தள்ளு,” என்றார். பத்திரகாளி விளக்குமாற்றை எடுத்துவந்தாள். ஒன்று விடாமல் கூட்டி எடுத்தாள். வெள்ளைத்தாய் வெளியே வரும்போது, அவள் ஈக்களைக் குப்பையில் கொட்டாமல் முருங்கை மரத்து மூட்டில் பள்ளம் பறித்துப் போடுவதைப் பார்த்தாள்.

மிஞ்சிய மூன்று பெட்டிகள் மறுநாள் ஊர்க்காவலன் வயலுக்குப் போயின.

தை கடைசியில் தனுஷ்கோடி வயலில் அறுப்பு. கதிரெல்லாம் தாம்பாளம் மாதிரி பெரிதாகத்தான் இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று சுற்று மணி. நடுவில் அழுத்தினால் விரல் உள்ளே போனது. எல்லாம் பொட்டு. முதலில் விதைக் கம்பெனியைத் திட்டினார். அடுத்து பனியைத் திட்டினார். அதற்கடுத்து வீடேறி வந்து வாக்கு விட்டவளின் கரிநாக்கு என்றார். குலசாமிக்கு ஒரு கிடா வெட்டினார். உரக்கடைக்காரனை மட்டும் திட்டவில்லை. அவனிடம் அடுத்த போகத்துக்கும் போக வேண்டுமே.

பதினைந்து நாள் கழித்து ஊர்க்காவலன் வயலில் அறுப்பு. கதிர் நடுவரைக்கும் மணி. தூக்கினால் கை கனத்தது. அவன் முதல்முறையாகக் கட்டிலைவிட்டு இறங்கி டீக்கடைக்கு வந்து, “எல்லாம் கைராசி,” என்று சொன்னான். வெள்ளைத்தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டேதான் தண்ணீர்க் குடத்தோடு போனாள். நன்றி எதிர்பார்க்கிற அளவுக்கு அவனை அவள் மதித்ததில்லை.

அந்த வருடம் பங்குனியில் பிரபாகரனும் வந்தான். இந்த முறை காரில், வெளியூர் ஆட்கள் மூன்று பேரோடு. ‘எங்கள் பயிற்சியால் உயர்ந்த பெண்’ என்று ஒரு பேனர் வைத்திருந்தான். அவளைப் பெட்டி பக்கத்தில் நிறுத்தி, “எல்லாம் நாங்க குடுத்த பூக்கால அட்டவணைப்படிதான் செய்றாங்க,” என்றான்.

வெள்ளைத்தாய் அந்த மூன்று பேரையும் அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். கரியால் எழுதிய சுவரைக் காட்டினாள். வேம்பு, புங்கை, புளி, எள், இலந்தை, மல்லி, சூரியகாந்தி. அவர்களில் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

“இவுக குடுத்த தாளு சோறு திங்க நல்லா இருந்துச்சும்மா,” என்றாள் வெள்ளைத்தாய். “இது நான் பாத்து எளுதுனது.”

அந்த அம்மா சுவரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிரபாகரன் வாசலில் நின்று பேனரைச் சுருட்டினான். அதன்பின் அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை பத்திரகாளி வந்தாள். தன் வீட்டுக்காரர் மறுபடி சூரியகாந்தி போடுவதாக இருக்கிறார் என்றாள்.

“அவுகளுக்குத் தெரியாது நான் வந்தது. பூக்கையில ஒரு ரெண்டு பெட்டி எங்க பொளியில வையி வெள்ளத்தாயி. மருந்து அடிக்காம நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க எப்டிப் பாப்பீக? அன்னைக்கு ஒங்களால முடிஞ்சது கூட்டித் தள்ளத்தான்.”

பத்திரகாளி முகம் வாடியது. வெள்ளைத்தாய்க்கும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. முருங்கை மூடு நினைவுக்கு வந்தது. உள்ளே போய் ஒரு பாட்டில் தேன் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“இது ஒங்களுக்கு. பெட்டி வேணும்னா அவுக வந்து கேக்கட்டும். டீக்கடையில எல்லாரும் இருக்கையில கேக்கட்டும். அன்னைக்கே கொண்டாந்து வைக்கேன்.”

தனுஷ்கோடி வரவில்லை. ஒரு பெண்ணிடம், அதுவும் ஈக்காரியிடம், நாலு பேர் பார்க்கக் கேட்பதைவிட பயிரை மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டார். அதற்கு ஈயே தேவையில்லை, காற்று போதும் என்று டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேலே உச்சியில் பூக்கொண்டை விட்டது. மூன்று ஏக்கர் பூந்தூள். முதல்நாள் காலையிலேயே வெள்ளைத்தாயின் ஈக்கள் அங்கே போய் இறங்கின. அவள் கண்மாய்க்கரை வழியாகப் போகும்போது தனுஷ்கோடி வரப்பில் நின்று தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டைக்குக் கொண்டை ஈ. ஒரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

“ஏத்தா, இதுல என்ன இருக்குன்னு உறிஞ்சுது?”

ஈ எதையும் உறிஞ்சவில்லை, குஞ்சுகளுக்குத் தூள் சேர்க்கிறது, சோளத்துக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். நின்று அவரைப் பார்த்தாள். சலவை வேட்டி. மண் படாத கால். மூன்று ஏக்கரில் நாற்பது வருடம் நின்றும், ஒரு பூ எப்படிக் காயாகிறது என்று குனிந்து பார்த்திராத மனிதர்.

சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. சாப்பாட்டு வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.