திட்டுவதற்கு ஒரு பொத்தான்

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஷோயப் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவன். அவனுடைய அப்பா ஹனீஃபா, பைக் மெக்கானிக். அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவான். பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் பேச்சும் போனபோது, ஷோயப் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, அவருக்காகவே ஒரு செயலி செய்தான். திரையில் பெரிய பெரிய படங்கள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று போன் பேசும். வேண்டுமென்றால் தெலுங்கிலும் பேசும். அத்தா தன் கடைசி வருஷத்தை அந்தப் போனை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். அவர் மௌத்தான பிறகு ஷோயப் அதை எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பிளே ஸ்டோரில் போட்டான்.

நகரி, புத்தூர், வேலூர் என்று ஆட்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான். கம்பெனி எதிலும் சேராமல் தனியாகச் செயலி செய்கிறவர்களின் குழு. ஒவ்வொருவரும் தங்கள் வருமானக் கோடு மேலே ஏறுகிற படத்தைப் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஷோயப்பிடம் போட எதுவும் இல்லை. "சம்பாதிக்காத ஆப்பை ஆப்னு சொல்லாதீங்க, அது பொழுதுபோக்கு" என்று ஒருவன் பொதுவாக எழுதியது தன்னைத்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

முதலில் திரைக்கு அடியில் சின்னதாக ஒரு விளம்பரம் வைத்தான். அதில் பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகு முழுத்திரை விளம்பரத்துக்கு மாறினான். படத்தைத் தொட்டதும் முதலில் விளம்பரம் ஓடும். உடனே மூட முடியாது. அது முடிந்த பிறகுதான் போன் பேசும். என்ன விளம்பரம் வரும் என்பது அவன் கையில் இல்லை. நோயாளிக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தான். கோடு மேலே ஏறியது. குழுவில் படத்தைப் போட்டான். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அன்று முழுக்க அவற்றை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஊர் ஓய்ந்திருந்த ஒரு காலையில், வயதான ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெயர் கௌரியம்மாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். முந்தானையில் சுற்றியிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல எவனோ கெட்டது வச்சிட்டான் தம்பி. எடுத்துடுப்பா."

"இன்னாம்மா ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரருக்கு வாய் வராது. கை கால் இழுத்துகிச்சு. எங்கக்கா மவ இந்தப் படம் போட்டத போன்ல ஏத்திக் குடுத்தா. நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு. போன வாரம் டவுன் பஸ்ல வந்துகினு இருந்தோம். நான் முன்னாடி பொம்பளைங்க சீட்டுல, அவரு பின்னாடி. வண்டிய நிறுத்தணும்னு படத்த அமுக்கியிருக்காரு. இது 'தனியா இருக்கியா டார்லிங், எனக்குப் போன் பண்ணு'ன்னு கத்துது. அவருக்கு நிறுத்தத் தெரியல. மறுபடி அமுக்குறாரு, மறுபடி அவளே சிரிக்கிறா. பஸ்ஸுல எல்லாம் சிரிக்குதுங்க. பெருசுக்கு ஆசையப் பாருன்றான் ஒருத்தன்."

"எதுக்கு நிறுத்தச் சொன்னாரு?" என்று ஷோயப் கேட்டான்.

கௌரியம்மாள் தெருவைப் பார்த்தாள். "ஒண்ணுக்கு வந்திருக்கு. அதுக்குள்ள வேட்டியிலயே போயிட்டாரு."

ஷோயப் போனைத் திறந்தான். அவனே வரைந்த மஞ்சள் நிற முகப்பு அங்கே இருந்தது.

"அவரு அந்த மாதிரி ஆளு இல்ல தம்பி," என்றாள் அவள். "அன்னிலேர்ந்து போனத் தொடவே மாட்டேங்குறாரு. என் மூஞ்சியகூடப் பாக்கறதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாத."

"வைரஸ்மா," என்றான் ஷோயப். "இந்த மாதிரி நிறைய வருது. சரி பண்ணிடலாம்."

விளம்பரம் இல்லாத பழைய பதிப்பை அதில் ஏற்றிக் கொடுத்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவன் காசு வேண்டாம் என்றான். "புள்ள குட்டியோட நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சந்து முனையைத் தாண்டும் வரை அவன் ஏதோ ஒரு போனின் பின்மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

மத்தியானமே கடையை மூடிவிட்டு, செயலியிலிருந்து எல்லா விளம்பரங்களையும் எடுத்தான். எடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தான். ஆகவில்லை. சாயங்காலம் மனைவி ருக்ஸாரிடம் நடந்ததைச் சொன்னான்.

"அதப் பண்ணது நீதான்னு அந்தம்மாகிட்ட சொன்னியா?" என்று அவள் கேட்டாள்.

"வெளம்பரத்தையே மொத்தமா எடுத்துட்டேன்."

"நான் அதக் கேக்கல."

அவன் போனை எடுத்து, விளம்பரம் போன திரையைக் காட்டினான். ருக்ஸார் அதைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தப் பெரியவரு தன் மேலதான் தப்புன்னு நெனச்சிகினு கெடப்பாரு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டைப் பக்கம் கிளம்பினான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசல் வேப்ப நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு கௌரியம்மாளின் கணவர் வேடியப்பன் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. கௌரியம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. இன்னா இவ்ளோ தூரம்?"

வண்டியில் வரும்போது பேச நினைத்தவை எதுவும் நினைவில் இல்லை. "வைரஸ்னு சொன்னது பொய்ம்மா," என்றான். "அந்த ஆப் நான் பண்ணது. அந்த வெளம்பரத்த வச்சதும் நான்தான். பணம் வரும்னு வச்சேன்." பிறகு பெரியவரைப் பார்த்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க," என்றான்.

கௌரியம்மாளின் கையிலிருந்த தழை கீழே விழுந்தது. "நீயா?" என்றாள். "உன்ன நல்லா இருன்னு சொல்லிட்டு வந்தனே. பஸ்ஸுலேர்ந்து அவர எப்படி எறக்கிக் கூட்டியாந்தேன்னு உனக்குத் தெரியுமா? அந்த ஈர வேட்டியோட ஊருக்குள்ள நடந்து வந்தாருடா மனுஷன்."

ஷோயப் நின்றுகொண்டே இருந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

வேடியப்பன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். இடது கையால் வீட்டுக்குள் காட்டினார். கௌரியம்மாள் உள்ளே போய்ப் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். தண்ணீர், சோறு, வலி, தூக்கம். எதையும் தொடவில்லை. ஷோயப்பைக் காட்டினார், போனைக் காட்டினார், கையை வீசினார்.

"டீ குடுக்கச் சொல்றீங்களா?" என்று கௌரியம்மாள் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். "அவனப் போகச் சொல்லணுமா?" அதுவும் இல்லை. அவருடைய முகம் சிவந்தது. நாற்காலியின் கையைப் படபடவென்று தட்டினார். அவள் அவர் தட்டுகிற கையைப் பார்த்தாள்.

"திட்டணுமா?" என்றாள்.

"ஆங்," என்றார் வேடியப்பன். அவரால் சொல்ல முடிந்த ஒரே சொல் அதுதான்.

ஷோயப்புக்கு வேறு ஒரு வெட்கம் வந்தது. வாய் போன மனிதனுக்குப் பசி இருக்கும், வலி இருக்கும் என்று யோசித்திருந்தான். கோபம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அத்தாவும் இப்படித்தான் நாற்காலியைத் தட்டுவார். பசி என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கஞ்சி கொடுத்திருக்கிறான்.

"இப்பவே சேர்க்கலாம்மா," என்றான். "கோவம் வந்தா இன்னான்னு திட்டுவாரு?"

"போடா கய்தேன்னுவாரு. ஊருக்கே கேக்கும்."

"நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க, பதிஞ்சிக்கிறேன்."

"பொம்பளக் கொரல்ல திட்டுனா அவருக்கு ஆவாது. நீயே சொல்லு."

ஷோயப் போனை வாயருகே வைத்துச் சொன்னான். வேடியப்பன் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். மறுபடி சொன்னான். அதற்கும் விரித்தார். "கோவமா சொல்லணும் தம்பி. நீ வழி கேக்குற மாதிரி சொல்ற," என்றாள் கௌரியம்மாள். கடைசியில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போடா கய்தே" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் ஒரு கணம் நின்றது.

சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தான். வேடியப்பன் அதை வாங்கி, அவன் முகத்துக்கு நேரே நீட்டி அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது, கோணிய வாய் சிரிக்கவும் பார்த்தது. அவர் ஓயும் வரை ஷோயப் அங்கேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அவமானம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே, கைதட்டல் பொம்மைகள் வந்த நாளில்கூட வராத ஒரு சந்தோஷமும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது கௌரியம்மாள், "எனக்கு மனசு ஆறல தம்பி. ஆறிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

அதற்குப் பிறகு வேடியப்பன் டவுன் பஸ்ஸில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் ஷேர் ஆட்டோவில்தான் வருகிறார். ஷோயப்பின் வருமானக் கோடு தரையில் படுத்துவிட்டது. குழுவில் அவன் எதுவும் போடுவதில்லை. ரிப்பேர் கடைதான் வீட்டை ஓட்டுகிறது. புதுப் பதிப்பில் எல்லோருக்கும் சிவப்புப் பொத்தான் உண்டு. அதில் வசவை மட்டும் அவரவர் வீட்டிலேயே பதிந்துகொள்ள வேண்டும். பதியத் தெரியாதவர்கள் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். "வழக்கமா எப்படித் திட்டுவாரு?" என்று ஷோயப் கேட்பான். வந்தவர்கள் முதலில் தயங்குவார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொல்வார்கள்.