சில்யே கொண்டுவந்த கேக்

டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு: யார் நிரலில் கோளாறு செய்கிறாரோ, அவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். சட்டத்தைப் போட்ட மகராசன் தோர்கில். வெகுகாலமாக அங்கே குப்பை கொட்டுகிறவர். யார் எழுதிய நிரலும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே போகும். தான் மட்டும் இதுவரை ஒருமுறைகூடக் கேக் கொண்டுவந்ததில்லை என்பதில் மனுஷனுக்குக் கொள்ளைப் பெருமை.

இந்த வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவருவது சில்யேயின் முறை. புதிதாகச் சேர்ந்த பெண். சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலாளர் விபெகே மாலைக்குள் சொல்லியாக வேண்டும். இந்த நேரம் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்! ஒரு கால்நடை மருத்துவரின் எக்ஸ்ரே படங்களை இரவுதோறும் வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது அவள் எழுதிய நிரலின் வேலை. மருத்துவமனையில் யாரோ டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். நிரலோ 'நகல் எடுத்தாயிற்று' என்று தினமும் சமர்த்தாகச் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் அதே கணினிக்குள்ளேயே கொட்டியிருந்தது. கணினி செத்தபோது படங்களும் சேர்ந்து போயின.

"டிஸ்க்கே இல்லாம எதுலம்மா நகல் எடுத்த, காத்துலயா?" என்று தோர்கில் கேட்டதும் மேசையில் ஒரே சிரிப்பு. சில்யேயும் சிரித்துவைத்தாள், காதெல்லாம் சிவக்க. வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் ஊறிய புருன்ஸ்விகர் கேக். ஓரத்துண்டு வேண்டாமென்று நடுத்துண்டாகவே கேட்டு வாங்கி, தோர்கில் இரண்டு முறை சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு, அவள் அனுப்பியிருந்த திருத்தத்தைப் பார்க்க உட்கார்ந்தார். கோளாறான நிரல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: வெளி டிஸ்க்குக்கான ஃபோல்டர் இருக்கிறதா? டிஸ்க்கைக் கழற்றினாலும் அந்தக் காலி ஃபோல்டர் கணினியில் அப்படியேதான் இருக்கும். நாய் ஓடிப்போன பிறகு, கூண்டு இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? சில்யேயின் திருத்தம் நாயையே தேடியது. அந்த ஃபோல்டரும் அதற்கு மேலுள்ள ஃபோல்டரும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றனவா? அப்படியானால் வெளி டிஸ்க் மாட்டப்படவில்லை, நிறுத்து. நாலே வரி, சுத்தமான வேலை.

"பரவாயில்லையே" என்று முணுமுணுத்தவர் அந்த வரிகளை மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த நாலு வரியை அவர் முன்பே பார்த்திருக்கிறார். சில்யே முதல் தடவையே இதைத்தான் எழுதியிருந்தாள். 'இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இதை எடுத்துவிடு' என்று பதில் போட்டவர் சாட்சாத் தோர்கில். அவளும் எடுத்துவிட்டாள்.

சே! என்ன கிண்டல், என்ன சிரிப்பு! அதுவும் நடுத்துண்டு கேட்டு வாங்கி! அவமானம் பிடுங்கித் தின்றது. 'சரி' என்ற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. பழசையெல்லாம் யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்கே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

எழுந்து விபெகேயின் அறைக்குப் போனார். சில்யே ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க" என்றாள் விபெகே. "இவ வேலையை நிரந்தரமாக்கலாமான்னு உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

"அந்தக் கோளாறு இவளோடது இல்ல. என்னோடது" என்றார் தோர்கில். "இவ சரியாத்தான் எழுதியிருந்தா. நான்தான் பெரிய மேதாவி மாதிரி எடுக்கச் சொன்னேன்."

விபெகே சில்யேயின் வேலைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். "அப்ப இவ இங்கயே இருக்கா. மருத்துவருக்கு ஃபோன் பண்ணி நீங்களே சொல்லிடுங்க."

வெளியே வந்ததும் சில்யேயின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஏம்மா, அத்தனை பேர் சிரிச்சப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்கே சொன்னேனே. இதை எடுத்துட்டா, டிஸ்க் இல்லாதப்ப என்ன ஆகும்னு உங்க பதிலுக்குக் கீழயே எழுதிக் கேட்டேன்."

"அதுக்கு நான் என்ன எழுதினேன்?"

சில்யே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"ஒண்ணும் எழுதல. இதைப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டீங்க."