தித்திப்பே இல்லாத பிஸ்கட்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் எப்போதும் வெளிநாட்டுச் சாக்லேட் இருக்கும். தின்பண்டக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிச் சாக்லேட்டை ஒளித்துத் தின்பது துரோகம்தான். என்ன செய்ய, எனக்குத் தித்திப்பு வேண்டும். எங்கள் சியோனன் ஊர்க்காரர்களோ தித்திப்பென்றால் பத்தடி தள்ளி நிற்பார்கள். போன வசந்தத்தில் கம்பெனித் தலைவரின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். அவர் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "அடடா, என்ன அருமையான கேக்கு! தித்திப்பே இல்ல!" என்று கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினோம். இங்கே ஓர் இனிப்புக்கு அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அப்படிப்பட்ட ஊரிலும் விலைபோகாத, தித்திப்பில்லாத பிஸ்கட்டுகளைச் செய்தவர் என் மேனேஜர் ப்யோ குவாங்சிக். நல்ல மனுஷன், ராசிதான் இல்லை. அவர் செய்தது எதுவும் கடையில் ஒரு வருஷம் தாக்குப்பிடித்ததில்லை. கடைசியாகச் செய்தது மாசிபத்திரி என்கிற கசப்பு மூலிகை இலையும் கறுப்பு எள்ளும் அரைத்துப் போட்ட 'பச்சைமலை'. அதையும் யாரும் சீண்டவில்லை. தலைவர் பொறுமை இழந்தார்.

"வெளிநாட்டுக்காரங்களக் கூப்பிட்டுக் குடுங்க. நல்லாருக்குன்னு சொன்னா ஓடட்டும். இல்லன்னா மெஷின நிறுத்திட்டு, ப்யோ, நீங்க குடோனப் பாத்துக்குங்க."

எங்களுக்கு இது ஒரு வியாதி. நம் நாக்கு சொன்னால் நம்பமாட்டோம். வெளிநாட்டுக்காரன் ஒருவன் நம் பண்டத்தை வாயில் வைத்தால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கும்.

"குடோனுக்குப் போறது பெரிசில்ல, போயோங்," என்றார் ப்யோ என்னிடம். "யாராவது ஒருத்தர், ஒண்ணு தின்னுட்டு, தானா கைய நீட்டி இன்னொண்ணு எடுக்கணும். அத ஒரு தடவ பாத்துட்டா போதும்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைக் காகிதங்களை அடுக்கினேன். ஏனென்றால் நானும் அந்தப் பிஸ்கட்டில் ஒன்றுக்கு மேல் தின்றதில்லை.

மூன்று பேர் வந்தார்கள். அமெரிக்கக்காரி நாடலி, பிரேசில் மாணவன் கையோ, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஸ்காட்லாந்துக்காரன் ஃபெர்கஸ். மொழிபெயர்க்க நான். மேசைத் தலைமாட்டில் தலைவர். கதவோரம் ப்யோ, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையின் அப்பா மாதிரி.

முதலில் கணவாய் மீன் வாசனை போட்ட கடலையைக் கொடுத்தோம். "ஏன்?" என்று மட்டும் கேட்டான் கையோ. அதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோதே பச்சைமலை வந்துவிட்டது.

நாடலி மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்தாள். "இதுல தித்திப்பே இல்லையே," என்றாள். நான் அப்படியே சொன்னேன்.

தலைவர் மேசையைத் தட்டினார். "தித்திப்பே இல்லையாம்யா! கேட்டியா ப்யோ!"

"புல்லு திங்கற மாதிரி இருக்கு," என்றான் கையோ.

"எல வாசன அப்படியே வருதுங்கறான்! பய நாக்கு நாக்குதான்!"

ஃபெர்கஸ் முகம் கோணியது. "காய்ச்சல்ல படுத்தா எங்கம்மா ஒரு கஷாயம் குடுப்பாங்க. அதேதான்."

"உடம்புக்கு நல்லதுன்னு சொல்றான்!" தலைவர் எழுந்தே விட்டார். "தங்கமான பிள்ளைங்க. ஏம்மா போயோங், இவங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம பாக்கெட்ல போடுங்க."

நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பாக்கெட்டில் மூன்று முகங்கள், அவர்கள் சம்மதத்தோடுதான். கீழே 'தித்திப்பே இல்லை', 'புல்லேதான்', 'அம்மாவின் கஷாயம்'. சர்க்கரையை அள்ளித் தின்கிற ஜனங்களே தித்திப்பில்லை என்கிறார்கள், அப்புறம் என்ன? நடுத்தர வயது அம்மாக்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டிக்குக்கூட ஆர்டர் வரவில்லை. தலைவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கம்பெனி விருந்தில் எல்லோரும் கூத்தடிக்க, ப்யோ மட்டும் மேசை அடுப்பில் பன்றிக்கறியைத் திருப்பித் திருப்பிக் கருக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அதான் பிச்சிக்கிட்டுப் போகுதே."

"அவங்க மூஞ்சிய நான் பாத்தேன், போயோங். மூணு பேரும் பாதியிலேயே வச்சுட்டாங்க. இன்னொண்ணு யாரும் எடுக்கல."

அம்மாக்கள் வாங்குவதுகூட பிஸ்கட்டுக்காகவா, பாக்கெட்டில் இருக்கும் முகத்துக்காகவா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு எரிச்சல் வந்தது. பாவமாகவும் இருந்தது.

குளிர்காலத்தில் ஒருநாள் ஃபெர்கஸ் வந்து நின்றான். ஒரு கையில் அவன் முகம் போட்ட பாக்கெட், இன்னொரு கையில் தகர டப்பா.

"கேஸ் போட வந்துட்டான்," என்றார் ப்யோ. முகத்தில் ரத்தமில்லை.

விருந்தினர் அறையில் உட்கார வைத்தோம். அவன் எங்கள் மொழியிலேயே தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். "சார், எங்க அபார்ட்மெண்ட்ல எல்லா அக்காவும் என்னை 'கஷாயத் தம்பி'ன்னு கூப்பிடறாங்க. பாக்கெட் பாக்கெட்டா குடுக்கறாங்க. வேணாம்னா கோவம். நான் தின்னு முடிக்கற வரைக்கும் நின்னு பாக்கறாங்க."

ப்யோ எழுந்து இடுப்பு வளைய வணங்கினார். "பெரிய தப்பாயிடுச்சு, மன்னிச்சிடுங்க."

"ஐயோ, அது பிரச்சினை இல்ல சார். இதுதான் பிரச்சினை." டப்பாவைத் திறந்தான். வெண்ணெய் பிஸ்கட். "எங்கம்மா அனுப்பினாங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு உசுரு. இப்ப வாயில வைக்க முடியல, அவ்ளோ தித்திப்பு! அம்மாட்ட என்னன்னு சொல்றது?"

புலம்பிக்கொண்டே அவன் கை, வருகிறவர்களுக்கென்று மேசைமேல் வைத்திருந்த பிஸ்கட் தட்டுக்குப் போயிற்று. ஒரு பச்சைமலை உள்ளே போனது. அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் புலம்பினான். கை மறுபடி நீண்டது. அவன் தட்டைப் பார்க்கவேயில்லை.

ப்யோ பார்த்தார். பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. கண் கலங்கியதை மறைக்க, டப்பாவிலிருந்து அவசரமாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா, என்னா தித்திப்பு!"

"பாத்தீங்களா சார்!" என்றான் ஃபெர்கஸ். இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள், பிறகு சிரித்தார்கள். டப்பா என் பக்கம் தள்ளப்பட்டது.

ஒன்று எடுத்தேன். சொர்க்கம். இரண்டாவதையும் எடுத்தேன். நிமிர்ந்தபோது டப்பா பாதி காலி. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு... பிடிச்சிருக்கா?" என்று ஃபெர்கஸ் நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

"ரொம்பத் தித்திப்பா இருக்கு," என்றேன், மனசார.

இருவரும் எனக்காகப் பரிதாபப்பட்டுத் தலையாட்டினார்கள். அந்த அறையில் வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான்.